தொடக்கநிலை வடிவமைப்பு வரைபடங்களை ஒப்பந்தத்தில் எழுதுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"கட்டடக் கலைஞர் தொடக்கநிலை வடிவமைப்பு வரைபடங்களைத் தயாரித்து அளிப்பார்" என்ற ஒற்றை வரியோடு இந்தக் கட்டத்தைக் கடந்துவிடும் ஒப்பந்தங்கள் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வரியைப் படிக்கும் உரிமையாளர் வண்ணப் படங்களையும் கட்டி முடிக்க ஆகும் செலவையும் எதிர்பார்க்கிறார். எழுதிக் கொடுத்த கட்டடக் கலைஞர் ஏழெட்டுத் தாள்களை மட்டும் மனத்தில் வைத்திருக்கிறார். பல மாதங்கள் கழித்து அதே தாள்கள் ஒப்பந்ததாரரின் கைக்குப் போகும்போது, அவர் அவற்றில் அளவெடுத்து விலை போடத் தொடங்குகிறார். மூவர் படித்ததும் ஒரே வரியைத்தான். அந்த வரியில் ஒன்றும் சொல்லப்படாததால் ஆளுக்கொன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்தக் கட்டுரை, அப்படியொரு ஒப்பந்தத்தை முதன்முறையாக எழுதவோ சரிபார்க்கவோ உட்காருபவருக்கானது. அவர் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் இருந்தாலும் உரிமையாளரின் பக்கம் இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு தாளும் எதை முடிவு செய்கிறது, எதைப் பிற்பாடு முடிவு செய்ய விட்டுவைக்கிறது? கீழே வரும் படிகள் அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தின் வெவ்வேறு இடங்களில் எழுத வேண்டிய விடைகள்.

முதல் படி: கட்டத்துக்குப் பெயரும் எல்லையும் இடுதல்

"கான்செப்ட்", "ஸ்கீமேட்டிக்", "பிரிலிமினரி" ஆகிய மூன்று சொற்களையும் ஒரே பொருளில் புழங்குவது பேச்சில் பரவாயில்லை. ஒப்பந்தத்தில் அது ஆபத்து. பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகமான ரிபா 1963இல் முதலில் வெளியிட்ட பணித்திட்டத்தின் 2020ஆம் ஆண்டு வடிவத்தில் 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் 2ஆம் கட்டம் கருத்துரு வடிவமைப்பு, 3ஆம் கட்டம் இட ஒருங்கிணைப்பு, 4ஆம் கட்டம் தொழில்நுட்ப வடிவமைப்பு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகமான ஏ.ஐ.ஏ.வின் பி101 மாதிரி ஒப்பந்தமோ ஸ்கீமேட்டிக் டிசைன், டிசைன் டெவலப்மென்ட், கட்டுமான ஆவணங்கள் என்று வேறு விதமாகப் பிரிக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தாது. ஸ்கீமேட்டிக் என்று ஓரிடத்திலும் 2ஆம் கட்டம் என்று இன்னோரிடத்திலும் எழுதினால், இடைப்பட்ட வேலை யாருடையது என்ற தகராறுக்கு நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள். ஆகவே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, வரையறைப் பகுதியில் அதற்குப் பொருள் எழுதி, ஆவணம் முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும்.

கட்டத்தின் முடிவைத் தேதியால் மட்டும் குறிக்கக் கூடாது. "இணைப்பு ஒன்றில் பட்டியலிட்ட தாள்கள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்டு, உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்த நாளில் இக்கட்டம் நிறைவடையும்" என்று எழுதினால் முடிவு எது என்பது கண்ணால் சரிபார்க்கக் கூடியதாகிவிடும்.

இரண்டாம் படி: உரிமையாளர் தர வேண்டியவற்றை முதலில் எழுதுதல்

வரைபடத்தின் தரம் அதற்குக் கொடுக்கப்பட்ட தகவலின் தரத்தைத் தாண்டிப் போக முடியாது. தேவைக் குறிப்பு, அதாவது எத்தனை பேருக்கு எந்தெந்த அறைகள் எவ்வளவு பரப்பில் வேண்டும் என்ற பட்டியல், மனையின் எல்லைகளையும் மட்டங்களையும் காட்டும் நில அளவை, மண் பரிசோதனை அறிக்கை, செலவு வரம்பு, இருக்கும் கட்டடம் என்றால் அதன் பழைய வரைபடங்கள். இவற்றை யார், எந்த நாளுக்குள், எந்த வடிவில் தருவார் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பி101இல் நில அளவையும் மண் பரிசோதனையும் உரிமையாளரின் பொறுப்பாகவே வைக்கப்பட்டுள்ளன. அவர் தரும் தகவலைச் சரியென்று நம்பிச் செயல்படும் உரிமை கட்டடக் கலைஞருக்கு உண்டு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நில அளவையில் மட்டங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குறுக்குவெட்டு வரைபடத்தில் தரைத்தளத்தை 0.00 என்று குறித்துவிடலாம்; ஆனால் அந்தப் பூஜ்யம் மனையில் உள்ள ஏதேனும் ஒரு நிலையான மட்டக் குறியோடு கட்டப்படாதவரை அது காற்றில் மிதக்கும் எண்தான். மழைநீர் எந்தப் பக்கம் வடியும், சாலையிலிருந்து வண்டி எத்தனை சரிவில் உள்ளே வரும், அடித்தளத்துக்கு எவ்வளவு தோண்ட வேண்டும் என்ற மூன்றுமே அந்த எண்ணைச் சார்ந்தவை.

மூன்றாம் படி: தாள்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுதல்

ஒப்பந்தத்தின் மிகப் பயனுள்ள பக்கம் இதுதான். அதிக நேரம் இதில்தான் செலவாக வேண்டும். பி101 பொதுவாகக் கேட்பது, தேவைப்பட்டால் ஒரு மனையமைப்பு வரைபடம், கட்டடத்தின் முதற்கட்டத் தள வரைபடங்கள், குறுக்குவெட்டுகள், முகப்புத் தோற்றங்கள் ஆகியவை. மாதிரிகள், ஆழம் தெரியும்படி வரைந்த தோற்ற ஓவியங்கள் அல்லது கணினிப் படங்கள் இவற்றோடு சேரலாம். முக்கியக் கட்டமைப்பு முறைகளும் பொருள்களும் எவை என்பது வரைபடத்திலேயே குறிக்கப்பட்டோ எழுத்தில் விவரிக்கப்பட்டோ இருக்க வேண்டும். இது நல்ல எலும்புக்கூடு. ஆனால் எத்தனை தாள், எந்த அளவு விகிதம், எதெது அதில் தெரிய வேண்டும் என்பதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

மனையமைப்பு 1:500 அல்லது 1:200 விகிதத்தில், எல்லைகள், வடதிசைக் குறி, கட்டடம் எல்லையிலிருந்து விலகி நிற்கும் தூரங்கள், வாகன நுழைவு, மட்டங்கள் ஆகியவற்றோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் 1:200 அல்லது 1:100 விகிதத்தில் தள வரைபடம் ஒன்று தேவை. அதில் அச்சுக் கோடுகள், தூண்களின் உத்தேச இடங்கள், படிக்கட்டு, மின்தூக்கி, கழிப்பறை, செங்குத்துக் குழாய்வழிகள், அறைகளின் பெயர், பரப்பு, வெளிப்புற மொத்த அளவுகள் ஆகியவை காணப்பட வேண்டும். கான்கிரீட்டுக்குள் வரும் கம்பிகளின் விவரம், கதவு அட்டவணை, குழாய்களின் பாதை, மின்முனைகள் ஆகியவை இக்கட்டத்தில் இல்லை என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். முப்பரிமாண மாதிரியாக ஒப்படைப்பதாக இருந்தால், உறுப்புகளின் வடிவமும் இடமும் தோராயமானவை என்பதைக் குறிக்கும் எல்.ஓ.டி. 200 போன்ற விவர அளவு நிலை ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் திரையில் எல்லாமே மில்லிமீட்டர் துல்லியத்தோடு காட்சி தரும். பார்ப்பவர் அதை உண்மையென்று நம்புவார்.

குறுக்குவெட்டுகளில்தான் புதியவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள். குறைந்தது இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக, அவற்றில் ஒன்று படிக்கட்டின் வழியே போக வேண்டும் என்று வற்புறுத்துங்கள். காரணம் எளிய கணக்கு. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் தளப்பலகையையும் சேர்த்து உத்தரத்துக்கு 600 மி.மீ., அதன் அடியில் குளிரூட்டிக் குழாய்க்கு 400 மி.மீ., பொய்க்கூரைக்கு 100 மி.மீ., தரைப்பூச்சுக்கு 50 மி.மீ. போய்விட்டால், மனிதர்கள் புழங்க எஞ்சுவது 2.45 மீட்டர். தள வரைபடத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இந்தக் குறை தெரியாது. குறுக்குவெட்டில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிந்திய கட்டத்தில் தள உயரத்தைக் கூட்டினால் படிகளின் எண்ணிக்கையும் முகப்பும் மொத்த உயரமும் கட்டடச் செலவும் சேர்ந்தே மாறும்.

தாளின் அளவையும் எழுதியாக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 5457 தரம் வரைபடத் தாள்களின் அளவுகளையும் அமைப்பையும் வகுக்கிறது. அதன்படி ஏ1 தாள் 594 × 841 மி.மீ. இருக்கும். பெரும்பாலானவர்கள் மேசையில் வைத்துப் பார்ப்பது அதைச் சுருக்கி அச்சிட்ட ஏ3 நகலைத்தான். ஏ1இலிருந்து ஏ3க்கு நீளங்கள் சரிபாதியாகும்; ஆகவே 1:100 என்று அச்சாகியிருக்கும் தாள் உண்மையில் 1:200 ஆகிவிடும். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், 1.8 மீட்டர் அகலத் தாழ்வாரம் ஏ3 நகலில் 9 மி.மீ. நீளத்துக்குச் சுருங்கி நின்றது. விலைப்புள்ளி தயாரித்தவர் 1:100 அளவுகோலை அதன்மேல் வைத்து 0.9 மீட்டர் என்று எழுதிக்கொண்டார். தாழ்வாரத்தோடு போயிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எல்லா அறைகளின் தரைப்பரப்பும் நான்கில் ஒன்றாகிவிட்டதைக் கூட்டுத்தொகை வரும்வரை எவரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு நிபந்தனைகளை எந்த ஒப்பந்தத்திலும் நான் விடுவதில்லை: ஒவ்வொரு தாளிலும் வரைகோட்டு அளவுகோல், அதாவது தாளோடு சேர்ந்தே சுருங்கும் அளவுக் கோடு, இருக்க வேண்டும்; எழுதப்பட்ட அளவுகளே செல்லும், தாளின்மேல் அளந்தெடுத்த அளவுகள் செல்லா.

ஒவ்வொரு தாளின் தலைப்புப் பெட்டியிலும் திட்டத்தின் பெயர், தாள் எண், திருத்த எண், தேதி, விகிதம், வரைந்தவர், சரிபார்த்தவர் ஆகியவற்றோடு நிலைக்குறிப்பும் வேண்டும். "தொடக்கநிலை வடிவமைப்பு – கட்டுமானத்துக்கு அல்ல" என்ற குறிப்பு எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கணினியில் தீட்டிய வண்ணப் படங்கள் கேட்கப்பட்டால் எத்தனை காட்சிகள், எந்தக் கோணங்கள் என்று எண்ணிக்கை போடுங்கள். அவற்றில் தெரியும் மரங்களும் தரைக்கற்களும் கண்ணாடியின் நிறமும் ஒப்பந்த வாக்குறுதிகள் அல்ல என்று ஒரு வாக்கியம் சேருங்கள். சின்ன வாக்கியம்தான், ஆனால் வாழ்நாளில் ஒருமுறையாவது அது உங்களைக் காப்பாற்றும்.

நான்காம் படி: முடிவானது எது, முடிவாகாதது எது

பட்டியல் சரியாக இருந்தும் வழக்காகும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. தொடக்கநிலை வரைபடத்தில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. கட்டடத்தின் இருப்பிடம், தளங்களின் எண்ணிக்கை, தள உயரம், படிக்கட்டும் மின்தூக்கியும் அடங்கிய மையப்பகுதி, கட்டமைப்பின் வகை, மொத்தப் பரப்பு ஆகியவை உறுதியாக வேண்டியவை. தடுப்புச் சுவர்களின் இடம், சன்னல்களின் துல்லிய அளவு, தூணின் பருமன், பொருள்களின் இறுதித் தேர்வு ஆகியவை உத்தேசமானவை. உறுதியானவற்றை முதற்பகுதியாகவும் உத்தேசமானவற்றை இரண்டாம் பகுதியாகவும் இணைப்பு இரண்டில் பட்டியலிட்டு, இந்தப் பிரிவினையை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக:

"இக்கட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட பின், இணைப்பு இரண்டின் முதற்பகுதியில் உள்ளவற்றை மாற்றக் கோருவது கூடுதல் பணியாகக் கருதப்படும். இரண்டாம் பகுதியில் உள்ளவை அடுத்த கட்டத்தில் மேலும் வரையறுக்கப்படும். அவற்றில் ஏற்படும் நியாயமான மாற்றங்கள் கட்டணத்துக்குள் அடங்கும்."

வடிவமைத்துக் கட்டித்தரும் முறையில், அதாவது ஒப்பந்ததாரரே மீதி வடிவமைப்பையும் செய்யும் ஏற்பாட்டில், இந்தப் பிரிவினையின் கனம் பல மடங்காகிறது. ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக்கின் மஞ்சள் புத்தகம் எனப்படும் மாதிரி ஒப்பந்தத்தில் உரிமையாளரின் தேவைகள் என்ற ஆவணம் தனியே உண்டு. தொடக்கநிலை வரைபடங்கள் பெரும்பாலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. உட்கார்ந்த பிறகு அவை கட்டளையா, வழிகாட்டும் படமா என்பதை ஆவணம் சொல்லாவிட்டால், உரிமையாளர் கட்டளை என்பார், ஒப்பந்ததாரர் படம் என்பார். எந்தத் தாள் கட்டாயம், எந்தத் தாள் உத்தேசம் என்பதைத் தாள் எண்ணோடு எழுதுங்கள். வரைபடமும் எழுத்து விவரமும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற வரிசையையும் கூடவே எழுதுங்கள்.

முடிவாகாத வடிவத்தை முடிவானதாக எண்ணி வேலை தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்னி ஓபரா மாளிகை உலகறிந்த சான்று. டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சானின் வடிவம் 1957இல் போட்டியில் வென்றது. கூரையின் சிப்பி போன்ற பெரிய வளைந்த ஓடுகளை எந்த வடிவியலில் கட்டுவது என்பது தீராமல் இருந்தபோதே 1959இல் அடித்தள வேலை தொடங்கிவிட்டது. கோளம் ஒன்றிலிருந்து ஓடுகளை வெட்டியெடுக்கும் தீர்வு அதன் பிறகே உருவானது. அதற்குள் எழுப்பியிருந்த மேடைத் தூண்கள் கூரையின் பாரத்துக்குப் போதாமல் அவற்றை வலுப்படுத்தி மீண்டும் கட்ட நேர்ந்தது. 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலராக மதிப்பிடப்பட்ட மாளிகை 1973இல் திறக்கப்பட்டபோது செலவு 10.2 கோடி டாலர். தொடக்கநிலை வரைபடத்தின் அழகில் குறையேதும் இல்லை. அது எதைத் தீர்க்கவில்லை என்பதைப் பொருட்படுத்தாமல் மேலே கட்டத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் படி: பரப்பும் செலவு மதிப்பீடும்

பரப்பு என்று எழுதினால் போதாது. எந்தச் சுவரின் எந்த முகத்திலிருந்து அளப்பது என்று எழுத வேண்டும். வெளிப்புறம் 10 × 12 மீட்டர் உள்ள ஒரு தளம் 120 சதுர மீட்டர். சுற்றுச்சுவர் 200 மி.மீ. என்றால் உட்புற அளவு 9.6 × 11.6 மீட்டர், பரப்பு 111.36 சதுர மீட்டர். உள்ளே ஒரு தடுப்புச் சுவரும் எழுப்பாமலேயே 7 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வந்துவிட்டது. ஐ.எஸ்.ஓ. 9836 போன்ற அளவீட்டுத் தரம் ஒன்றைக் குறிப்பிட்டு, பால்கனியும் குழாய்வழியும் மூடிய வாகன நிறுத்தமும் கணக்கில் சேருமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

செலவு மதிப்பீடு வேண்டுமானால் அதை யார் செய்வது, எந்தத் தேதியின் விலைகளில், எதைச் சேர்த்து, எதை விட்டு என்பவை தெளிவாக வேண்டும். வரிகள், அறைகலன்கள், ஆலோசகர் கட்டணம், மண்ணைப் பலப்படுத்தும் செலவு ஆகிய நான்கும் வழக்கமாக மறக்கப்படுபவை. இக்கட்டத்தில் ஒற்றை எண்ணைவிட ஒரு வீச்சைத் தருவதே நேர்மை. மதிப்பீடு செலவு வரம்பைத் தாண்டினால் பரப்பைக் குறைப்பதா, தரத்தைக் குறைப்பதா, வரம்பை உயர்த்துவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. அந்த முடிவு வரும்வரை அடுத்த கட்டம் தொடங்காது என்று ஒரு வாக்கியம் இருக்கட்டும்.

ஆறாம் படி: திருத்தமும் ஒப்புதலும்

எத்தனை மாற்று வடிவங்கள், எத்தனை சுற்றுத் திருத்தங்கள் என்பதை எண்ணால் குறியுங்கள். "இரண்டு மாற்று வடிவங்கள் முன்வைக்கப்படும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றன்மீது இரண்டு சுற்றுத் திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும்" என்பது போதுமானது. ஒரு சுற்று என்பது உரிமையாளர் தரப்பினர் அனைவரின் கருத்துகளும் தொகுக்கப்பட்டு ஒரே ஆவணமாக வருவதைக் குறிக்கும் என்று சேர்க்காவிட்டால், குடும்பத்திலோ நிறுவனத்திலோ ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு திருத்தம் வந்துகொண்டே இருக்கும்.

ஒப்புதல் எப்படி வர வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். "நன்றாக இருக்கிறது, மேலே போகலாம்" என்று தொலைபேசியில் வந்த ஒரு குறுஞ்செய்தியை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போன ஒரு வேலையில், ஏழு வாரம் கழித்து உரிமையாளர் படிக்கட்டை மறுபக்கம் மாற்றச் சொன்னார். நன்றாக இருக்கிறது என்று தான் சொன்னது முகப்பைப் பற்றி மட்டும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் முகப்பைத்தான் பார்த்திருக்கிறார். ஒப்புதல் என்பது தாள் எண்களும் திருத்த எண்களும் குறிக்கப்பட்ட ஒரு பக்கத்தில், அதற்கு அதிகாரம் பெற்ற ஒருவர் பெயரோடும் தேதியோடும் கையெழுத்திடுவதாக இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதிலே வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்ற பழமொழியை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டாம். 14 நாள்களில் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கருதப்படும் என்று எழுதும் பழக்கம் உண்டு. அது பின்னாளில் மனக்கசப்பையே வளர்க்கும். அதற்குப் பதிலாக, தாமதமாகும் நாள்களுக்கு ஈடாகக் கால அட்டவணை நீளும் என்று எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம்.

ஏழாம் படி: கட்டணம், உரிமை, பொறுப்பு

மொத்தக் கட்டணத்தில் இக்கட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதையும், திட்டம் இதோடு நின்றுவிட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் பிரித்து எழுதுங்கள். திட்டங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இக்கட்டத்தின் முடிவில்தான், ஏனென்றால் செலவு முதன்முறையாக வெளிச்சத்துக்கு வருவது இங்கேதான்.

வரைபடங்களின் பதிப்புரிமை தனியாகப் பேசப்பட வேண்டியது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, கட்டடக் கலை சார்ந்த வரைபடங்களையும் மாதிரிப் படங்களையும் பாதுகாக்கப்படும் படைப்புகளாகவே எண்ணுகிறது. தாளுக்குப் பணம் கொடுத்ததால் உரிமையும் தானாகக் கைமாறிவிடாது. வழக்கமான ஏற்பாடு, உரிமை கட்டடக் கலைஞரிடமே இருக்க, அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தும் அனுமதி உரிமையாளருக்குக் கிடைப்பது. பி101இல் அந்த அனுமதி கட்டணம் செலுத்துவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறொரு கட்டடக் கலைஞர் இந்த வரைபடங்களிலிருந்து வேலையைத் தொடர நேர்ந்தால் முதலாமவரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்படைப்பது பிடிஎஃப் கோப்பா, திருத்தக்கூடிய மூலக் கோப்பா என்பதும் இங்கேதான் வரும்.

பொறுப்பைப் பற்றிய வாசகத்தில் ஒரு சொல்லைக் கவனித்துப் படியுங்கள். நியாயமான திறமையோடும் கவனத்தோடும் பணி செய்வதாக ஒப்புக்கொள்வது ஒன்று. கட்டடம் நோக்கத்துக்குப் பொருந்தும் என்று உறுதி தருவது வேறொன்று. இரண்டாவதைத் தொழில்முறைக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. பாதி முடிவுகள் இன்னும் எடுக்கப்படாத வரைபடத்துக்கு அப்படியொரு உறுதியைக் கேட்பதிலும் கொடுப்பதிலும் பொருளில்லை.

கையெழுத்துக்கு முன்

பட்டியலை எழுதி முடித்த பிறகு, ஒரு ஏ4 தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களை வரையுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தத் தாளில் என்ன வரும் என்பதைப் பென்சிலால் கிறுக்கி, எண்ணும் விகிதமும் இடுங்கள். மனை 1:500இல் தாளுக்குள் அடங்குகிறதா, நீளமான தளம் 1:100இல் இரண்டு தாள்களாக உடைகிறதா, குறுக்குவெட்டு எந்தத் தாளில் சொருகப்படுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. அந்த ஏ4 தாளை உரிமையாளரிடம் காட்டி, இதில் எதை நீங்கள் எதிர்பார்த்தீர்கள், எது இல்லை என்று கேளுங்கள். விடுபட்டது என்று அவர் விரல் வைக்கும் கட்டத்தைச் சேர்ப்பதா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை அங்கேயே பேசி முடித்து, இருவரும் சுருக்கொப்பமிட்டு, அந்தத் தாளையே இணைப்பு ஒன்றாக ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.